சத்தத்துக்கு ஒரு பட்டன் இருக்கா?

முதல்ல ஒரு சின்ன க்விஸ். பேச்சைவிட மௌனத்தாலேயே அதிகம் சொன்னவர்னு பேர் வாங்கின ரமண மகரிஷி எந்த ஊர்ல பிறந்தார்?

'திருவண்ணாமலை'ன்னு சொன்ன அத்தனை பேருக்கும் முட்டை மார்க்! அது அவர் 1896-ல் போய்ச் சேர்ந்த ஊர். 1879-ல் பிறந்தது விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியில. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாத்துக் கரையில இருக்கிற ஊர்.

அந்தச் சீமையில பங்குனி, சித்திரை ராத்திரி எப்படி இருக்கும்னு அங்கேயிருந்து காலேஜ் வர்ற உங்க கிளாஸ்மேட்டைக் கேட்டுப் பாருங்க. கரிசக்காடும் சீமைக்கருவேலமுமா பகல் பூரா ஆள் அரவமே இல்லாம கிடக்கிற பூமி. பொழுது சாய்ஞ்சதும் வேப்ப மரத்துல ரெண்டு குழாய், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல ரெண்டு குழாய்னு ரேடியோ செட் முழங்க ஆரம்பிச்சிடும். இந்த ஊர்ல பொங்கல், பக்கத்து ஊர்ல காதுகுத்து, அதுக்கு அடுத்த ஊர்ல சடங்கு. மூணு ஊர்ப் பாட்டும் ஒரே காதுல வந்து விழும். கரெக்டா அதே நேரம் பார்த்துத்தான் ஏப்ரல் செமஸ்டரும் வந்து நிக்கும்!

'எங்கேயோ தூரத்து ஊர்ல போடுற பாட்டு, வாசல்ல நின்னு பாடுற மாதிரி கேக்குதே... நமக்குத்தான் மண்டை குழம்பிடுச்சோ?'ன்னு பயப்பட வேண்டாம். வானம் தெளிவா இருக்கிற வறண்ட பூமியில ராத்திரியானா தரை சீக்கிரம் குளிர்ந்துடும். தரையை ஒட்டின காத்து குளிர்ச்சியாவும், அதுக்கு மேலே இருக்கிற காத்து கொஞ்சம் சூடாவும் இருக்கும். மேலே கிளம்பிப் போற ஒலி, அந்தச் சூடான காத்துல வளைஞ்சு மறுபடியும் தரைக்கே இறங்கி வரும். பகல்ல இது அப்படியே தலைகீழ். ஆக, உங்க காது பொய் சொல்லல.

'ரொம்பத்தான் பண்ற!'

இப்போ ஒரு மாணவியைக் கற்பனை பண்ணிக்கோங்க. குடும்பத்துலயே முதல் டிகிரி. டவுன் பஸ்ல ஏறினா சீட்டுக்கு அடியில ஸ்பீக்கர். கிளாஸ்ல பின் பெஞ்சுக்காரன் பேனாவை 'டிக்... டிக்...'னு அமுக்கிக்கிட்டே இருக்கான். வீட்டுக்கு வந்தா டி.வி. ராத்திரி ரேடியோ செட். ஒரு கட்டத்துல அந்தப் பொண்ணுக்கு எரிச்சல் வருது, அழுகை வருது, நெஞ்சு படபடங்குது. வீட்டுல என்ன சொல்வாங்க? 'எல்லாருக்கும்தான கேக்குது, உனக்கு மட்டும் என்னடி? ரொம்பத்தான் பண்ற!'

இந்த 'ரொம்பத்தான்' இருக்கே, சத்தத்தைவிட அதுதான் கூடுதலா வலிக்கும். அதனால முதல்ல இந்த விஷயத்தைப் பேசிடுவோம்.

ஒரே சத்தம் எல்லாரையும் ஒரே மாதிரி பாதிக்கிறதில்லை. அமெரிக்காவில் நீல் வெய்ன்ஸ்டீன் என்ற உளவியலாளர் ஒரு கல்லூரி ஹாஸ்டல் மாணவர்களை வைத்தே இதை ஆராய்ந்து 1978-ல் வெளியிட்டார். ஆரம்பத்திலேயே சத்தத்துக்குக் கூச்சப்படுகிறவர்கள் யார், படாதவர்கள் யார் என்று பிரித்து வைத்துக்கொண்டார். வருஷம் ஓட ஓட, கூச்சப்படாதவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. கூச்சப்படுகிறவர்களுக்கோ தொல்லை கூடிக்கொண்டே போனது. 'நாளாக நாளாகப் பழகிடும்'னு ஹாஸ்டல்ல சீனியர்கள் சொல்ற அட்வைஸ் இவங்ககிட்ட பலிக்கலை!

இன்னும் சில வகைகள் உண்டு. சாதாரணமாகப் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் காதில் வலியாக விழுந்தால் அதற்கு 'ஹைப்பராகூசிஸ்' என்று பெயர். சத்தம் பெரிதாகவே இல்லை, ஆனால் ஒருவர் மென்று சாப்பிடுவது, மூக்கை உறிஞ்சுவது மாதிரி குறிப்பிட்ட ஒலிகள் கேட்டால் மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறதா? அதற்கு 2001-ல் 'மிஸோஃபோனியா' என்று பெயர் வைத்தார்கள். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும், ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் சத்தம் தாங்காமல் போவது உண்டு. எதுவுமே 'சீன் போடுறது' இல்லை.

சத்தம் படிப்பைக் கெடுக்குமான்னு இன்னும் யாராவது கேட்டா, நியூயார்க் கதையைச் சொல்லுங்க. மன்ஹாட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டியே மேம்பால ரயில் ஓடியது. ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு வரும்போது வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு வருஷப் படிப்பு! 1975-ல் ஆர்லீன் பிரான்ஸாஃப்ட் இதை வெளியிட்டார். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை அடித்தார்கள். 1981-ல் வந்த அடுத்த ஆய்வில் அந்த வித்தியாசமே காணோம். யாரும் பிள்ளைகளை 'கவனமா படி'ன்னு திட்டலை. தண்டவாளத்தைச் சரி பண்ணினாங்க, அவ்வளவுதான்.

அமுக்காத பட்டனின் மகிமை

இந்த வார மேட்டரே இதுதான். கொஞ்சம் கவனமா படிங்க.

டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்று இரண்டு உளவியலாளர்கள். 1972-ல் இவர்கள் எழுதிய புத்தகத்தில் ஒரு சோதனை வருகிறது. கல்லூரி மாணவர்களை உட்கார வைத்து, காதைப் பிளக்கும் சத்தத்தைப் போட்டார்கள். இரண்டு பேர் ஸ்பானிஷில் பேசுவது, ஒருவர் அர்மீனியனில் பேசுவது, டைப்ரைட்டர், கணக்கு மெஷின் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்த கச்சாமுச்சா சத்தம். ஒரு குழுவுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு பட்டன். 'தாங்க முடியலைன்னா இதை அமுக்கலாம், சத்தம் நின்னுடும். ஆனா, அமுக்காம இருந்தா எங்களுக்கு உதவியா இருக்கும்'னு சொல்லிட்டாங்க.

பெரும்பாலும் யாரும் அமுக்கலை. ரெண்டு குழுவும் கேட்டது ஒரே சத்தம். ஆனா அதுக்குப் பிறகு புதிர் போடச் சொன்னப்போ, பட்டன் இல்லாத குழு சீக்கிரமே 'போங்கய்யா'ன்னு கை விட்டுடுச்சு. பட்டன் இருந்த குழு விடாம முயற்சி பண்ணுச்சு, பிழை திருத்துற வேலையையும் அவங்களே ஒழுங்கா செஞ்சாங்க. இன்னொரு விஷயம்... எப்போ வரும்னு தெரிஞ்ச சத்தத்தைவிட, எப்போ வரும்னே தெரியாத சத்தம்தான் அதிகமா ஆளைச் சாய்ச்சுது.

புரியுதா? டெசிபல் ஒரு பக்கம்னா, 'என்னால ஒண்ணும் பண்ண முடியாது'ங்கிற நினைப்பு இன்னொரு பக்கம். ஊர்ச் சத்தத்தை நிறுத்த உங்களால முடியாம இருக்கலாம். ஆனா கைக்கு எட்டுற தூரத்துல நாலஞ்சு சின்னச் சின்ன பட்டன்களை வெச்சுக்க முடியும்.

பட்டன் 1: காது

மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் இயர் பிளக் கேளுங்க. டீ, வடை காசுதான். விரல்ல உருட்டி ஒல்லியாக்கி, இன்னொரு கையால காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடிச்சு, உள்ளே வெச்சு, அது விரியுற வரைக்கும் அரை நிமிஷம் அமுக்கிப் பிடிக்கணும். சும்மா பஞ்சு வெச்சா பேருக்குத்தான், பெரிசா குறையாது.

ஆனா, நாள் பூரா மாட்டிக்கிட்டே திரியாதீங்க. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், காது நன்றாக இருப்பவர்கள் இரண்டு வாரம் கிட்டத்தட்ட நாள் முழுக்க பிளக்கோடு இருந்தார்கள். கழற்றியபோது, முன்பைவிடச் சத்தம் அதிகமாகத் தெரிந்தது! மெல்லிய இரைச்சலைத் தொடர்ந்து கேட்ட இன்னொரு குழுவுக்கோ தாங்கும் சக்தி கூடியிருந்தது. அமைதி கூடக்கூட மூளை 'வால்யூமை' ஏத்தி வெச்சுக்கும். அதனால பிளக், குடை மாதிரி. மழைக்கு மட்டும் விரிங்க.

பஸ் பாட்டை அமுக்க ஹெட்போன்ல அதைவிடச் சத்தமா இன்னொரு பாட்டு வைக்கிறது, வெயிலுக்குப் பயந்து அடுப்புல போய் உட்கார்ற கதை. 85 டெசிபல்னா 8 மணி நேரம் தாங்கும்னா, 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் கணக்கு.

பட்டன் 2: நேரம்

எந்த ஊர்ல என்னிக்குப் பொங்கல், செட் எப்போ கட்டுறாங்க, எப்போ அவுக்கிறாங்கன்னு முன்னாடியே விசாரிச்சு காலண்டர்ல குறிச்சு வைங்க. சத்தம் குறையாது. ஆனா 'எப்போ வரும்னே தெரியாத சத்தம்'கிறது, 'தெரிஞ்ச சத்தம்' ஆயிடும். பாதி பாரம் அதுலயே இறங்கும். வார்த்தை இருக்கிற சத்தம்தான் (பாட்டு, பேச்சு) வாசிக்கிறதை அதிகமா கெடுக்கும். அதனால தியரி படிக்கிறதை அமைதியான நேரத்துக்குத் தள்ளிட்டு, செட் முழங்குறப்போ ரெக்கார்டு எழுதுங்க, படம் வரைங்க, தெரிஞ்ச கணக்கைப் போட்டுப் பழகுங்க.

பட்டன் 3: இடம்

திறந்த வெளியில ஸ்பீக்கர்கிட்டயிருந்து தூரம் இரட்டிப்பு ஆகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும். 20 மீட்டர்ல இருக்கிறவர் 80 மீட்டர் தள்ளிப் போனா 12 டெசிபல் மிச்சம். கிளை நூலகம், மத்தியான நேரத்துக் கோயில் பிராகாரம், லீவு நாள் பள்ளிக்கூட வராண்டா, ஊர்க்கோடியில இருக்கிற அத்தை வீடு... லிஸ்ட் போட்டு வைங்க. வீட்டுக்குள்ளேயேதான் இருக்கணும்னா, சத்தம் வர்ற பக்கத்து ஜன்னலை அடைச்சு, கதவுக்கு அடியில பழைய துணியைச் சுருட்டி வைங்க. காத்து நுழையுற சந்துலதான் சத்தமும் நுழையும். ஃபேனை ஓட விடுங்க. அதோட ஒரே சீரான 'ஸ்ஸ்ஸ்', திடீர் திடீர்னு வர்ற சத்தத்தைக் கொஞ்சம் மூடி மறைக்கும்.

பட்டன் 4: வாய்

கேட்காமலேயே 'எவனும் கேக்க மாட்டான்'னு முடிவு பண்றது நம்ம வழக்கம். கேட்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. பாட்டு ஓடுறப்போ போய்ச் சண்டை போட்டா வேலைக்கு ஆகாது. செட் கட்டுற சாயங்காலமே போங்க. 'சத்தத்தைக் குறைங்க'ன்னு மொட்டையா சொல்லாதீங்க. 'அண்ணே, நாளைக்கு எனக்குப் பரீட்சை. எங்க வீட்டுப் பக்கம் பார்த்திருக்கிற அந்த ஒரு குழாயை மட்டும் அந்தாண்ட திருப்பி விட முடியுமாண்ணே?' இவ்வளவுதான். ஒரு குழாயைத் திருப்புறது அவருக்கும் சுலபம், சாமிக்கும் குறை இல்லை!

ஊர் கேக்குமான்னு சந்தேகமா? சிவகங்கை மாவட்டத்துல திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடின்னு கிராமங்கள். அங்கே 1977-ல் பறவைகள் சரணாலயம் வந்துச்சு. கண்மாய்க்கு வர்ற பறவைகள் மிரண்டு போகும்னு அந்த மக்கள் தீபாவளிக்கு வெடியே வைக்கிறதில்லை. பக்கத்து மாவட்டத்துல சிவகாசி இருக்கு, வெடிக்குப் பஞ்சமா? ஆனாலும் வைக்கிறதில்லை. கொக்குக்கும் நாரைக்கும் விட்டுக்கொடுக்கிற மனசு நம்ம சனங்ககிட்ட இருக்கு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இருக்காதா? யாராவது எடுத்துச் சொல்லணும், அவ்வளவுதான்.

பட்டன் 5: சட்டம்

இதைக் கடைசியா வெச்சதுக்குக் காரணம் இருக்கு. ஆனா இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கணும். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. ஆஸ்பத்திரி, கல்விக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக மாநில அரசு அறிவிக்கலாம். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக வருஷத்துக்கு 15 நாள் வரைக்கும், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். பஸ், லாரியில் விதவிதமா ராகம் பாடுற ஹாரனும் மோட்டார் வாகன விதிகள்படி தப்புதான்.

2005 ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்து பெரிய தீர்ப்பே கொடுத்தது. அந்த வழக்கு எதனால் வந்தது தெரியுமா? தாக்கப்பட்ட ஒரு 13 வயதுச் சிறுமி உதவி கேட்டுக் கத்தியது, பக்கத்தில் அலறிய ஒலிபெருக்கிப் பாட்டில் யார் காதிலும் விழாமல் போனது. 1998 ஜனவரியில் பத்திரிகையில் வந்த அந்தச் செய்திதான் வழக்குக்கு உடனடிக் காரணம்.

சின்ன ஊர்ல தனி ஆளா போலீஸுக்குப் போன் போட்டா, சத்தம் ஒரு ராத்திரியில நிக்கும், பகை வருஷக்கணக்கா நிக்கும். அதனால தனியா போகாதீங்க. பரீட்சை எழுதுற பிள்ளைங்க பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, பெரியவங்க ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு, திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே விழாக் கமிட்டியைப் பாருங்க. விதி உங்க பக்கம்ங்கிறது தெரிஞ்சாலே பேச்சுல ஒரு நிதானம் வரும்.

தறி ஓடுற வீடு

எல்லாம் சரி, சத்தமே சோறு போடுற வீடா இருந்தா?

அருப்புக்கோட்டை, நெசவு ஊர். விசைத்தறி ஓடுற கூடத்துல சத்தம் 90 டெசிபலைத் தாண்டுறது சர்வசாதாரணம். காலேஜ் ஃபீஸே அந்தத் தறியிலதான் வருது. 'அப்பா, தறியை நிறுத்துங்க'ன்னு எந்தப் பிள்ளையால கேக்க முடியும்? 'எங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு தாயி'ம்பார் அப்பா.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் 'பழகிப் போச்சு' பல நேரம் பழக்கமே இல்லை. காது போய்க்கிட்டிருக்குன்னு அர்த்தம். உள்காதில் ஒலியை வாங்குகிற மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கும். செத்தால் மறுபடி முளைக்காது. சத்தத்தால் வருகிற கேள் குறைவு, முதலில் கீச்சென்ற மேல்ஸ்தாயி ஒலிகளைத்தான் தின்னும். 'ஸ', 'ஷ' மாதிரி எழுத்துகள் மங்கும். பேசுறது கேக்கும், என்ன பேசுறாங்கன்னு புரியாது. டி.வி. வால்யூம் கூடிக்கிட்டே போகும். 'என்ன... என்ன?'ன்னு ரெண்டு தடவை கேப்பார்.

ஆக, அந்த வீட்டுல சத்தம் தாங்காத பிள்ளைதான் அபாயச் சங்கு. மத்தவங்க உணராததை அது உணருது. தறியை நிறுத்தச் சொல்ல வேண்டாம். இயர் பிளக் வாங்குறப்போ ரெண்டு ஜோடி வாங்குங்க. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அப்பாவுக்கு. 'எனக்குத் தொல்லையா இருக்கு'ன்னு சொல்றதைவிட 'உங்க காதுக்குப்பா'ன்னு சொல்லிப் பாருங்க. பரீட்சை மாசத்துல மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடி தறி ஓட்டி, ஒரு மணி நேரம் முன்னாடி முடிக்கிற மாதிரி பேசிப் பாருங்க. கூலி குறையாம நேரம் மாறுறதுக்கு எந்த அப்பாவும் மாட்டேங்க மாட்டார்.

டாக்டரைப் பார்க்கணுமா?

சாதாரண சத்தமே காதில் வலிச்சா, காதுக்குள்ளே 'ங்ஙொய்'னு விடாமல் கேட்டா, சத்தத்துக்குப் பயந்து காலேஜ், கல்யாணம், பஸ் எதுக்குமே போகாம ஒதுங்க ஆரம்பிச்சிட்டா, தள்ளிப் போடாதீங்க. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. கேட்கும் திறனைச் சோதிச்சுப் பார்ப்பாங்க. மெல்லிய ஒலியைப் படிப்படியா கேட்க வெச்சுத் தாங்கும் சக்தியைக் கூட்டுற சிகிச்சை இருக்கு. சத்தத்தைக் கண்டு வர்ற பயத்துக்கும் கோபத்துக்கும் கவுன்சலிங் இருக்கு. அங்கே 'ரொம்பத்தான் பண்ற'ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

கடைசியா, சத்தமே தொந்தரவு பண்ணாத அதிர்ஷ்டக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க ரூம்மேட் காதைப் பொத்திக்கிட்டா, நக்கல் அடிக்காம, 'மச்சி, குறைக்கவா?'ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. நீங்க குறைக்கவேகூட வேண்டாம். கேட்ட அந்த நிமிஷத்துலயே அவன் கையில ஒரு பட்டன் வந்துடும். அமுக்காமலேயே வேலை செய்யுற பட்டன்!